நாகசுரத்தின் சீவாளி

திருமுதுகுன்றம் எனத் திருமுறைகள் போற்றும் விருத்தாசலத்தில் கோபுரங்கள் ஐந்து, திருச்சுற்றுகள் ஐந்து, தேர்கள் ஐந்து. இசைக்கருவிகளையும் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐவகையாகவே நம் முன்னோர் பகுத்தனர். அவற்றுள் துளைக்கருவியாகிய நாகசுரம் இன்றித் திருக்கோயில்களில் சுவாமி புறப்பாடு சிறப்பதில்லை. மாசிமகப் பெருவிழாவில் பழமலைநாதர் வீதியுலா எழுந்தருளும்போது அதனைக் கேட்டு மகிழும் அன்பர்கள், அந்த நாதம் பிறக்கும் இடமாகிய சீவாளியைப் பற்றியும் அறிந்துகொள்ளுதல் நலம்.

நாகசுரத்தின் குழல் ஆச்சா மரத்தால் ஆனது. பழைய வீடுகளில் உத்திரமாகவும் தூணாகவும் நெடுங்காலம் இருந்து முதிர்ந்த மரமே இதற்கு உகந்தது என்பர். இக்குழலுக்குப் பெயர்பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மரம்தான் என்பதும் இல்லை. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலிலும் கருங்கல்லில் குடைந்த நாகசுரங்களே உள்ளன. ஆயினும் குழல் மரமாயினும் கல்லாயினும், அதன் வாயில் அமைவது ஒரு புல்லே.

கொறுக்கை என்னும் நாணல் வகைத் தட்டையை அறுத்து, உலர்த்தி, பதப்படுத்தி, ஒரு முனையைத் தட்டையாக்கி, மறுமுனையைக் கெண்டை என்னும் சிறிய உலோகக் குழாயில் நூலால் இறுகக் கட்டுவர். இதுவே சீவாளி. ஊதுங்கால் இதன் இரண்டு இதழ்களும் அதிர்ந்து காற்றை நாதமாக்குகின்றன. திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் ஊரும் அதுவே. மேலைநாட்டு ஓபோ என்னும் கருவிக்கும் இத்தகைய இரட்டை இதழே வாயாகும். அதற்கான நாணல் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் விளைகிறது.

சீவாளியைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. இதழ் தடித்திருந்தால் மூச்சு மிகுதியாகச் செலவாகும். மெலிந்திருந்தால் நாதம் வலுவிழக்கும். குழலின் நீளத்திற்கும் சுருதிக்கும் ஏற்ற அளவும் வேண்டும். இவ்வூரில் சுந்தரர் பெற்ற பொன்னைத் திருவாரூரில் விநாயகர் மாற்றுரைத்தார் என்பது வரலாறு. சீவாளிக்கு அத்தகைய உரைகல் வித்துவானின் உதடும் செவியுமே. அவர் அதனை வாயில் வைத்து ஈரமாக்கி, தனியே ஊதிப் பார்த்து, குச்சியால் இதழின் திறப்பைச் சரிசெய்வார். மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் கோடையில் வேறு விதமாகவும் பேசும் பொருள் ஆதலின், மாற்றுச் சீவாளிகள் சிலவற்றை நாகசுரத்திலேயே கோத்துத் தொங்கவிட்டிருப்பார். அவற்றோடு முற்காலத்தில் யானைத்தந்த ஊசியும் இருந்தது. தந்த வணிகத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடுத்தபின் அதற்கு வேறு பொருள்கள் வந்தன. அதனால் இசைக்கு ஒரு குறையும் நேரவில்லை.

சீவாளியின் நிலை அவ்வாறன்று. இப்போது நெகிழிச் சீவாளிகளும் கிடைக்கின்றன. அவை எளிதில் கெடுவதில்லை, ஈரமாக்கவும் வேண்டுவதில்லை. பயில்வோர்க்கு அவை உதவலாம். ஆனால் கமகத்தின் குழைவுக்கு உதட்டின் சிறு அழுத்தத்திற்கும் இணங்கும் இதழ் தேவை. அதில் கொறுக்கைக்கு நிகரில்லை என்பதே நம் கருத்து. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற இவ்வூரார்க்கு, மண்ணின் பக்குவம் கைக்கே தெரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொறுக்கையின் பக்குவமும் அத்தகையது. அதனை அறிந்த குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. விழாவில் நாகசுரக் கலைஞரைச் சிறப்பிக்கும் அன்பர்கள், அவருக்குப் பொன்னாடையுடன் நல்ல கொறுக்கைச் சீவாளிகள் சிலவற்றையும் வாங்கி அளிக்கலாம்.