காதால் ஆங்கிலம் படித்தல்



ஆங்கில வகுப்பிலே கேட்டல் தேர்வு என்று ஒன்று இப்பொழுது பல பள்ளிகளில் நடைபெறுகிறது. ஆசிரியர் ஒரு பகுதியைப் படிப்பார். அல்லது ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிடுவார். நீங்கள் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் விழுந்ததிலிருந்து விடை எழுதவேண்டும். இலக்கணத்திலும் கட்டுரையிலும் நல்ல மதிப்பெண் பெறும் மாணவர்கள்கூட இத்தேர்வில் தடுமாறுகின்றனர். 'ரொம்ப வேகமாகப் பேசிவிட்டார்கள், ஐயா' என்பதே அவர்கள் கூறும் காரணம். அது முழு உண்மையன்று என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் என் குறையொன்றைச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, காதுக்கு நாங்கள் கொடுத்த வேலை சொல்வதெழுதுதல் ஒன்றுதான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்தி, இருமுறை சொல்லுவேன். வகுப்பில் பாதிப்பேர் முழு மதிப்பெண் வாங்குவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். அவ்வாறு வாங்கியவர்களுள் ஒருவன் வெளியூர்க் கல்லூரிக்குச் சென்றான். விடுமுறையில் வந்தவன், 'ஐயா, அங்கே பேராசிரியர் பேசுவது எனக்கு ஒரு வாக்கியமும் பிடிபடவில்லை. நீங்கள் பேசியது ஆங்கிலமா, அவர் பேசுவது ஆங்கிலமா?' என்று கேட்டான். அரையாண்டு முடிவதற்குள் ஊர் திரும்பிவிட்டான். அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அவன் கேட்ட கேள்வி என்னை விட்டபாடில்லை.

நான் பேசியது, அச்சுப் புத்தகத்தின் ஆங்கிலம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெள்ளை இடம் விடுவது அச்சுதான்; நாக்கு விடுவதில்லை. இதைத் தமிழ் மாணவர்களுக்கு விளக்குவது எளிது. 'தமிழ்' என்பதன் முன் 'அரசு' வந்தால் 'தமிழரசு' ஆகிறது. மெய்யும் உயிரும் ஒன்றிவிடுகின்றன. இதனைப் புணர்ச்சி என்று படித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. ஆனால் அவர்கள் அதனை எழுதிக் காட்டுவதில்லை. 'டர்ன் ஆஃப்' என்று எழுதியிருப்பது 'டர்னாஃப்' என்றும், 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' என்றும் ஒலிக்கும். பிரித்து எழுதிய உருவத்தையே எதிர்பார்த்திருக்கும் மாணவனுக்கு, தான் நன்கறிந்த மூன்று சிறு சொற்கள் அறியாத ஒரு பெருஞ்சொல்லாகத் தோன்றுகின்றன.

மற்றொன்று, அழுத்தம். தமிழில் நாம் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய உரிய மதிப்பைக் கொடுத்தே பேசுகிறோம். ஆங்கிலேயர் சில அசைகளை அழுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடுவர். 'வெஜிடபிள்' என்று நாம் முழுதாகச் சொல்வது அவர் வாயில் 'வெஜ்டபிள்' ஆகும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசையில் இருக்கும் அழுத்தம், 'ஃபொடாகிராஃபி' என்னும்போது இரண்டாம் அசைக்குப் போய்விடும். 'அண்ட்', 'ஆஃப்', 'டு' முதலிய சிறு சொற்களோ மூச்சளவாகவே நிற்கும். 'பிரெட் அண்ட் பட்டர்' என்பதில் அந்த 'அண்ட்' வெறும் னகர ஒலியாகக் குறுகிவிடுவதைக் கவனியுங்கள்.

இதில் பொருளே மாறிப்போகும் இடமும் உண்டு. 'ஐ கேன் கம்' என்றால் வர இயலும். 'ஐ கான்ட் கம்' என்றால் வர இயலாது. ஈற்று டகரத்தைத் தேடினால் ஏமாறுவீர்கள். பேச்சில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். உடன்பாட்டில் அச்சொல் 'க்கன்' என்று குறுகும். எதிர்மறையில் நீண்டு அழுத்தமாக ஒலிக்கும். அவ்வாறே 'தெர்ட்டீன்', 'தெர்ட்டி' என்பனவற்றில் ஈற்று நெடிலைப் பிடித்துக்கொள்ளவேண்டும். 13 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு அந்த நெடிலில்தான் இருக்கிறது. தேர்வு வைப்பவர்களுக்கு இத்தகைய எண்களின் மீது தனிப்பிரியம்!

நிற்க. தேர்வு அறையில் செய்யவேண்டியது யாது? பதிவு தொடங்குமுன் வினாக்களைப் படித்துவிடுங்கள். கேட்கப்படுவது நேரமா, இடமா, விலையா, காரணமா என்று தெரிந்திருந்தால், காது அதற்காகக் காத்திருக்கும். வினாத்தாளில் உள்ள சொல்லே பதிவிலும் வரும் என்று நம்பாதீர்கள். தாளில் 'விலை குறைவு' என்ற கருத்திருந்தால், பேசுபவர் 'அதிகம் கொடுக்கவேண்டியதில்லை' என்பார். 'திங்கட்கிழமை வருகிறேன்' என்று சொல்லி, உடனே 'இல்லை, புதன்கிழமை' என்று திருத்திக்கொள்வார். முதலில் காதில் விழுந்ததை எழுதிவிட்டு ஓய்ந்தவன் அங்கே தோற்றான்.

எல்லாவற்றினும் கடினமானது, தவறவிட்டதைத் தவறவிடுவது. ஒரு சொல் புரியவில்லை என்றால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. அதை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று வாக்கியங்கள் கடந்துவிடுகின்றன. ஐஇஎல்டிஎஸ் என்னும் பன்னாட்டுத் தேர்வில் நான்கு பகுதிகள், 40 வினாக்கள். பதிவு ஏறத்தாழ 30 நிமிடம். அதுவும் ஒரே முறைதான் ஒலிக்கும். பேருந்து போய்விட்டால் அடுத்த பேருந்தைப் பார்க்கவேண்டுமேயன்றி, போனதன் பின்னால் ஓடலாகாது.

இனி வீட்டுப் பயிற்சி. மூன்று நிமிடப் பதிவொன்று போதும். எழுத்துப் பிரதியைப் பாராமல் இருமுறை கேளுங்கள். பிறகு பிரதியைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். புரியாமற்போன ஒவ்வோரிடத்திலும், 'இது எனக்குத் தெரியாத சொல்லா, அல்லது தெரிந்த சொல்லையே அடையாளம் காணவில்லையா?' என்று குறித்து வையுங்கள். பெரும்பாலானவை இரண்டாம் வகையாகவே இருப்பதைக் காண்பீர்கள். என் மாணவர்களிடம் நான் கண்டது அதுவே. பின்னர்ப் பிரதியை மூடிவிட்டு மீண்டும் கேளுங்கள். பிரதியை முதலிலேயே பார்ப்பது, கணக்கின் விடையைப் பார்த்துவிட்டு வழி எழுதுவது போன்றது. எழுத்தோடு ஓடும் ஆங்கிலப் படங்களைப் பார்த்துப் பயில்வதாகச் சொல்லும் பிள்ளைகளையும் அறிவேன். அங்கே கண் உழைக்கிறது, காது உறங்குகிறது. காலையில் தமிழ்ச் செய்தித்தாளைப் படித்துவிட்டு, வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்பது நல்லது. செய்தி முன்னமே தெரிந்திருப்பதால், அது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதில் கவனம் செல்லும்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், சொல்வதெழுதுதலை நான் மாற்றிக்கொண்டேன். முழு வாக்கியத்தையும் இயல்பான வேகத்தில், இடையில் நிறுத்தாமல், மூன்று முறை சொல்லலானேன். மதிப்பெண்கள் சரிந்தன. பெற்றோர் இருவர் வந்து, 'பழையபடியே சொல்லிக் கொடுங்கள், சார்' என்று முறையிட்டனர். நான் மாற்றவில்லை. ஆண்டு முடிவில்கூட மதிப்பெண்கள் பழைய உயரத்தை எட்டவில்லை. ஆனால் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன், முந்தைய நாள் ஆங்கிலக் கிரிக்கெட் வருணனையில் கேட்டதை, ஓட்ட எண்ணிக்கையோடு, பிழையின்றி எனக்கு ஒப்பித்தான்.