லேப்டாப் சுடுகிறதா? கடன் எழுதும் முன் கொஞ்சம் யோசிப்போம்!



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூலித்து, தவணை வரவு எழுதி முடித்த பிறகு ஊக்குநர் கடன் மனுக்களை வாசித்தார். ஆடு வாங்க ஒருவர், வீட்டுக் கூரை மாற்ற ஒருவர். மூன்றாவது மனு ஓர் அக்காவினுடையது: மகளுக்குப் புது லேப்டாப் வாங்க 36,000 ரூபாய்.

"இருக்கிற லேப்டாப்புக்கு என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"அது அடுப்பு மாதிரி சுடுது மேடம். பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சு போவுது. பொண்ணு அடுத்த மாசம் காலேஜுல பிராஜெக்ட் குடுக்கணும். தினம் அழுவுது. குழுவுல கிடைக்கலைன்னா தோட்டை வச்சாவது வாங்கித்தான் ஆகணும்."

படிப்புக்குத்தானே, கொடுத்துவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எல்லோருமாகக் கணக்குப் போட்டோம். அந்தக் குழுவில் வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். 36,000 ரூபாயை 24 மாதத்தில் கட்டினால் அசல் மாதம் 1,500. குறையும் அசலுக்கு வட்டி மட்டும் மொத்தம் 4,500 ரூபாய். ஆக 40,500 ரூபாய் கட்ட வேண்டும். அந்த அக்காவுக்கு வருமானம் இரண்டு மாட்டுப் பாலும் தையலும்தான்.

"ஒரு வாரம் பொறுத்துக்கலாம். முதல்ல ஒரு நல்ல கடையில திறந்து பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று குழு தீர்மானம் போட்டது. அந்த ஒரு வாரத்தில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். லேப்டாப் ஏன் சுடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

ஏன் சுடுகிறது?

லேப்டாப்புக்குள் கணக்குப் போட்டு வேலை செய்யும் பாகத்துக்குப் பிராசசர் என்று பெயர். வேலை செய்யும்போது அது சூடாகும். அந்தச் சூட்டைச் செம்புக் குழாய் ஒன்று இழுத்துக்கொண்டு வரும். சின்ன ஃபேன் ஒன்று காற்றை ஊதி, பக்கவாட்டுத் துவாரம் வழியாகச் சூட்டை வெளியே தள்ளும். பிராசசருக்கும் செம்புக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் என்ற பசை தடவியிருப்பார்கள்.

நாள்பட நாள்பட ஃபேனிலும் துவாரத்திலும் தூசி அடைந்துவிடும். பசை காய்ந்துபோகும். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மீறினால் லேப்டாப் தானாக அணைந்துவிடும்.

ஆகவே சுடுகிறது, அணைகிறது என்ற உடனே லேப்டாப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. புகை போகும் வழி அடைத்துக்கொண்டால் அடுப்பையா மாற்றுகிறோம்? புகைப்போக்கியைத்தானே சுத்தம் செய்கிறோம்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

1. பாயிலோ தலையணையிலோ மடியிலோ வைத்து ஓட்டுகிறார்களா? லேப்டாப் காற்று இழுப்பது பெரும்பாலும் அடிப்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான். துணி அதை அடைத்துவிடும். கெட்டியான பலகை மேல் வைத்துப் பாருங்கள்.

2. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கூரைக்கு அடியில் மதிய வெயிலில் ஓட்டினால் எந்த லேப்டாப்பும் சுடும். காலையிலோ இரவிலோ ஓட்டினாலும் அணைகிறதா என்று கவனியுங்கள்.

3. அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, துவாரத்தில் இருக்கும் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நீங்களாகத் திருகைக் கழற்றித் திறக்க வேண்டாம்.

4. அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா என்று பாருங்கள். உப்பியிருந்தால் பேட்டரி ஊதியிருக்கலாம். இதுதான் உண்மையான ஆபத்து. உடனே அணைத்து, சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கடையில் கொடுத்து மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள்.

கடையில் கொடுக்கும் முன்

பிள்ளையின் பாடங்கள், பிராஜெக்ட், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சொந்தப் போட்டோக்களை லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. மெயில், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு எதையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம். திறந்து பார்த்தபின் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சம்மதம் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த அக்கா வீட்டில் என்ன நடந்தது?

அது 2019ல் மூத்த மகனுக்கு வாங்கிய லேப்டாப். கடையில் திறந்தபோது ஃபேன் முழுக்கப் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. சுத்தம் செய்து புதுப் பசை தடவ 750 ரூபாய். வேகமும் குறைவாக இருந்ததால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது வகை போட்டார்கள். அதற்கு 2,400. மொத்தம் 3,150 ரூபாய். குழுவில் 3,000 ரூபாய் கடன் வாங்கி மூன்றே தவணையில் அடைத்துவிட்டார். பிராஜெக்டும் நாளுக்குள் கொடுத்தாகிவிட்டது. தோடு காதிலேயே இருக்கிறது.

எப்போது புதுசு வாங்கலாம்?

பழையதையே கட்டி அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் நாங்களே அந்தத் தவறைச் செய்தோம். 2014ல் வாங்கிய லேப்டாப் சுட்டது. ஃபேன் மாற்ற 1,200, பேட்டரிக்கு 2,800, பிறகு மதர்போர்டு வேலைக்கு 4,500 என்று கொடுத்துக்கொண்டே போனோம். மொத்தம் 8,500 ரூபாய். மூன்று மாதத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. உள்ளே இருந்த கணக்கும் போயிற்று. கையால் எழுதிய ரொக்கப் புத்தகம் இருந்ததால் தப்பித்தோம்.

அதில் கற்றுக்கொண்டதுதான் இந்த நான்கு கேள்விகள்:

• சுத்தம் செய்து பசை மாற்றிய பிறகும் சுடுகிறதா?
• மதர்போர்டு கெட்டுவிட்டது என்கிறார்களா?
• ஐந்து வருடத்துக்கு மேல் ஆன லேப்டாப்புக்கு, புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு சொல்கிறார்களா?
• பிள்ளைக்குத் தேவையான மென்பொருள் அதில் ஓடவே இல்லையா?

இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் புதுசு பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11 ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கிடைத்தவை அதை முறைப்படி ஏற்காது. ஆனால் லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் போட்டால் தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் அவையும் உதவும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதுசு வாங்கும்போது

படிப்புக்கும் கணக்கு எழுதவும் 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும். விளையாட்டுக்கென்று செய்த விலை உயர்ந்த ரகம் வேண்டாம். பிராசசர் எந்த வருடத்து ரகம் என்று கேளுங்கள். சில கடைகளில் பழைய சரக்கைத் தள்ளுபடி என்று தள்ளிவிடுவார்கள். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

கடையிலேயே அரை மணி நேரம் ஓட விடுங்கள். அடியில் கை வைத்துப் பாருங்கள். துவாரத்தில் காற்று வருகிறதா, ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறதா என்று கவனியுங்கள். சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறதா? வாரண்டி எத்தனை வருடம்? பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் லேப்டாப்பின் அடியில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா? இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் அபராதம் எவ்வளவு என்று கேட்டு, குழுக் கடனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

புதுசும் சுடும், தூசி அடைந்தால்! வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்தால் நிறைய நாள் உழைக்கும்.

சகோதரிகளே, பிள்ளைகள் படிப்புக்குக் கடன் கேட்டால் குழு மறுக்க வேண்டாம். ஆனால் "திறந்து பார்த்தாச்சா? என்ன சொன்னாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, உங்கள் குழுவில் யார் வீட்டு லேப்டாப் சுடுகிறது என்று விசாரியுங்கள்.