மழையில் இறுகும் கதவு: இழைக்க அவசரம் வேண்டாம்

திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ உத்தியோக நிமித்தம் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் வாடகை வீட்டில் குடியேறும் குடும்பங்களுக்கு முதல் வருஷமே ஒரு புதுத் தொல்லை காத்திருக்கும். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்ததும் வாசல் கதவு மூட மறுக்கும். மூடினால் திறக்க மறுக்கும். சொந்த ஊரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இங்கோ இடவப்பாதி ஒன்று, ஐப்பசியில் துலாவர்ஷம் ஒன்று என இரண்டு மழைக்காலம்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருக்கும். நீளவாக்கில் மிகச் சொற்பமே, அகலவாக்கில்தான் அதிகம். ஆகவே பலகைகளைச் சேர்த்துச் செய்த பழைய கதவுகள் கூடுதலாக முரண்டு பிடிக்கும். உடனே ஆசாரியை அழைத்து இழைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். தை, மாசியில் மரம் காய்ந்து சுருங்கும்போதுதான் வினை தெரியும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சந்து விழும். தாழ்ப்பாள் சரியாகப் பிடிக்காது. வீட்டில் வயதான தாயாரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. கதவோ வீட்டுக்காரருடையது, அதற்கான செலவு முன்பணத்தில் கழியவும் கூடும்.

முதலில் எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும். கதவு விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து மெதுவாக மூடித் திறந்தால், நிலையில் ஒட்டும் வெள்ளை இடத்தைக் காட்டிக் கொடுக்கும். தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலை நிலையிலும், அதே பக்கத்துக் கீழ்மூலை தரையிலும் உரசினால் மழையைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் மேல் கீல் தளர்ந்து கதவு தொய்ந்திருக்கும். திருகாணிகளை இறுக்கினால் போதும். துளை பெரிதாகியிருந்தால், கதவின் அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு திருகாணியைக் கழற்றி, அந்தத் துளையில் பசை தடவிய மரச்சிம்பை அடித்து, காய்ந்தபின் மறுபடி முடுக்கலாம். பிறகே அடுத்த திருகாணி.

பக்கம் முழுவதும் உரசினால்தான் அது பருத்த கதவு. மழைக்காலம் முடியும்வரை விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளிக்கலாம். மிகவும் இறுகினால் உப்புத்தாள் போதும். மரம் நன்கு உலர்ந்த பிறகும் உரசினால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இழைக்கலாம்.

வர்ணம் பூசுகிறவர்கள் பல சமயம் கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டுவிடுவார்கள். நெடுக்கு மரங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது; ஈரம் வேகமாக நுழைவதும் அவ்வழியே. கோடையில் கதவைக் கழற்றி, அந்த விளிம்புகளுக்கும் சேர்த்து வர்ணம் பூசிவிட்டால், அடுத்த இடவப்பாதியில் கதவோடு மல்லுக்கட்டுவது குறையும்.