துருப்பிடித்த போல்ட் ஏன் அசைய மறுக்கிறது?

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. மரையின் இடுக்கில் அது விரிய இடமேது? போல்ட்டை நெருக்கிப் பூட்டிவிடுகிறது. பலங்கொண்ட மட்டும் ஸ்பேனரைத் திருகினால் தலை முறிந்து, தண்டு உள்ளேயே தங்கிவிடும்.

அதை எடுக்க நான் நம்புவது வெல்டிங்கைத்தான். முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தால் பிடிக்கத் தலை கிடைக்கிறது. அதைவிட முக்கியம், சூடு. பழுக்கக் காய்ந்த தண்டு விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடுவதில்லை. அந்த நெருக்கத்தில் துரு நொறுங்குகிறது. ஆறும்போது தண்டு சுருங்க, மயிரிழை இடைவெளி பிறக்கிறது. நன்றாக ஆறியபின் துரு இளக்கும் எண்ணெயை விட்டால், நுண்புழை விசையே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். பெட்ரோல் குழாய் அருகில் இருந்தால் வெல்டிங் கூடவே கூடாது.