பனியனில் பொன் எழுத்து! முதல் சலவையிலேயே உதிர்வது ஏன்?

பண்டிகைக்குப் பிள்ளைக்கு ஒரு பனியன் வாங்குகிறார்கள். நெஞ்சில் பொன்னிறத்தில் ஒரு சிங்கம்! பிள்ளைக்கு ஒரே ஆனந்தம்.

முதல் சலவை முடிகிறது. சிங்கத்தின் பிடரியைக் காணோம்! வாளித் தண்ணீரில் பொன் தூள் மிதக்கிறது.

"மட்டமான மை!" என்று வீட்டில் திட்டுகிறார்கள். பல சமயம் குற்றம் மையின் மீது இல்லை. அது சரியாக வேகவில்லை!

தங்கம் அல்ல

பொன்னிற மையில் தங்கம் கிடையாது. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள்தான் அது. பித்தளைக்கு உறவு என்று சொல்லலாம். வெள்ளி நிறத்துக்கு அலுமினியத் தூள்.

இந்தத் தூள் மணல்போல உருண்டை அல்ல. மிகச் சிறிய தகடுகள். அவை துணியில் படுத்துக் கிடந்தால்தான் ஒளி தெறிக்கும்.

தகடு தானாகத் துணியில் ஒட்டாது. ஒட்ட வைப்பது 'பைண்டர்' என்னும் பசை. அது பால்போலத் தண்ணீரில் கலந்திருக்கும். பசை கூடினால் பளபளப்பு மங்கும். தூள் கூடினால் கை பட்டாலே உதிரும்.

மாவு சல்லடையில் ரவை

திருப்பூர் அச்சுப் பட்டறைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் நடக்கிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சடிக்கிறார்கள்.

மாவு சல்லடையில் ரவையைப் போட்டால் இறங்குமா? நெருக்கமான வலையில் உலோக மைக்கும் அதே கதிதான். அங்குலத்துக்குச் சுமார் 100 இழை, அல்லது அதற்கும் குறைவாக உள்ள வலை வேண்டும்.

தண்ணீர் மை வலையிலேயே காய்ந்து, கண்களை அடைத்துவிடும். கோடையில் கேட்கவே வேண்டாம்! அதனால் ஒவ்வொரு தடவை அச்சடித்ததும் வலைமேல் மையைப் பரப்பி வைக்கிறார்கள். தண்ணீரையும் லேசாகத் தெளிக்கிறார்கள்.

கலந்த மையை நாளைக்கு என்று வைப்பது வம்பு. பொன்னிறத் தூள் ஈரத்தில் கிடந்தால் கறுக்கும். மேல்பூச்சு இல்லாத அலுமினியத் தூளோ தண்ணீரில் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இறுக மூடிய டப்பா வீங்கிவிடும்!

கறுக்காத மையும் உண்டு. அது காக்காப்பொன் தூளின்மேல் டைட்டானியம் ஆக்சைடு பூசிச் செய்தது. ஆனால் அதன் மினுமினுப்பு முத்துபோல இருக்கும். உலோகத்தின் பளீர் ஒளி வராது.

காய்ந்தது வேறு, வெந்தது வேறு

அச்சடித்த பனியன் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். தொட்டால் கையில் ஒட்டாது. வேலை முடிந்ததா? இல்லை!

பசை கெட்டிப்பட்டு நூலைப் பிடித்துக்கொள்ளச் சூடு வேண்டும். இதைத்தான் 'க்யூரிங்' என்கிறார்கள். பெரும்பாலான மைகளுக்கு 150 முதல் 160 டிகிரி சென்டிகிரேடில், 2 முதல் 3 நிமிடம் தேவை. மைக்கு மை இது மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கத்தரிக்காய் வதக்கும் பெண்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். காயில் உள்ள தண்ணீர் வற்றும்வரை அது பொரியாது. மையிலும் தண்ணீர் போகும்வரை சூடு 100 டிகிரிக்குமேல் ஏறாது. அதற்குப் பிறகு கழியும் நிமிடங்களே கணக்கு. போதாக்குறைக்கு, பளபளக்கும் தகடுகள் சூட்டைத் திருப்பி அடிக்கும். எனவே சாதாரண மையைவிடப் பொறுமையாக வேக விட வேண்டும்.

சரக்கு அனுப்பும் தேதி நெருங்கும்போதுதான் தவறு நடக்கிறது. டிரையர் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். பனியன் சீக்கிரம் வெளியே வருகிறது. பார்வைக்குக் குறை தெரியாது. சலவையில் குட்டு உடைகிறது! சரக்கு முழுவதும் திரும்பி வந்தால், அச்சடித்தவர்களின் உழைப்பெல்லாம் வீண். முதலில் வந்த பனியனில் ஒன்றை எடுத்துத் துவைத்துப் பார்த்திருந்தால் போதும்.

சாக்கடைக்கு வேண்டாம்

தண்ணீர் மைதானே என்று மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுவது தகாது. அதில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. நொய்யல் ஆற்றை மாசுபடுத்தியதற்காக, 2011-ல் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஊரே தவித்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பொன் எழுத்துப் பனியனை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஆகாது. அச்சின்மேல் பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. இஸ்திரியும் உள்புறமாகத்தான்.