முடிவெடுக்கப் பழகுதல்: ஜப்பானியப் பண்ணையும் கொஸ்லந்த மலையும்

கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடியதை எமது வாசகர்களுக்கு நாம் விவரிக்கத் தேவையில்லை. அன்று உறவுகளை இழந்தவர்களும் இதை வாசிப்பார்கள். ஒரு விடயத்தை மட்டும் நினைவூட்டுகிறோம். அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது; போவதற்குக் காணி வரவில்லை. எங்கே போவது, எப்போது போவது என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் நிலையில் அங்கு வாழ்ந்தவர்கள் இருக்கவில்லை. "சொன்னோம், கேட்கவில்லை" என்று பின்னர் சிலர் பேசியது எமக்கு இன்றும் உடன்பாடில்லை.

தப்பியவர்களில் பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் நாட்களைக் கழித்தன. மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016ஆம் ஆண்டாகிவிட்டது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன. இடம்பெயர்ந்த குடும்பங்களின் முன்னால் அதே கேள்விகள்: எந்தக் காணி, யாருக்கு முதலில், பழைய அயலவர்கள் ஒன்றாக இருப்பதா பிரிவதா?

இத்தகைய கேள்விகளுக்குக் கூடி விடை காண்பதும் உழவைப் போல் பழகிக் கற்க வேண்டிய வேலைதான். அதைக் கற்பிக்கும் இடமொன்று ஜப்பானில் தொச்சிகி மாநிலத்தின் நசுஷியோபராவில் இருக்கிறது. ஆசிய கிராமிய நிறுவனம் என்பது அதன் பெயர். போதகர் தொஷிஹிரோ தகாமி 1973இல் இதை ஆரம்பித்தார். 1970ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த வங்காளத்துக்கு உதவப் போனவர் அவர். நிவாரணப் பொருளைவிட ஊருக்குள்ளேயே வளர்ந்த தலைவர்கள்தான் அவசியம் என்று கண்டார். 1996இல் அவருக்கு மக்சாசே விருது கிடைத்தது.

பயிற்சி ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதங்கள். ஆசியா, ஆபிரிக்கா எனப் பல நாடுகளிலிருந்து கிராமங்களில் பணிபுரிவோர் வருகிறார்கள். இலங்கையிலிருந்தும் போய் வந்திருக்கிறார்கள். வகுப்பு மட்டுமல்ல பாடம், பண்ணையே பாடம். இரசாயனப் பசளையின்றி நெல்லும் மரக்கறியும் விளைவித்து, பன்றியும் கோழியும் வளர்த்து, அதையே சமைத்து எல்லோரும் ஒரே மண்டபத்தில் சாப்பிடுகிறார்கள். ஆசிரியரும் சேற்றில் இறங்குகிறார். குழுக்களாகப் பிரிந்து வேலை செய்கிறார்கள். குழுத் தலைமை முறை வைத்து மாறுகிறது. இன்று தலைவராக இருப்பவர் நாளை இன்னொருவர் சொல்லைக் கேட்டு வேலை செய்ய வேண்டும். தலைவர் என்றால் ஆயுட்காலத் தலைவர் என்று பழகிப்போன நமது சங்கங்களுக்கு இது சற்றுக் கசக்கலாம்!

2011 மார்ச் பூமியதிர்ச்சி அந்த நிறுவனத்தின் கட்டடங்களைச் சேதப்படுத்தியது. புக்குஷிமா அணு உலையின் கதிர்வீச்சு அதன் வயல்வரை வந்தது. உண்ணும் மண்ணே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அவர்கள் மண்ணைக் கைவிடவில்லை. விளைச்சலில் உள்ள கதிர்வீச்சை அளக்கும் நிலையமொன்றை அமைத்தார்கள். அயல் விவசாயிகளும் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். இருப்பதா, போவதா, எதை உண்பது என்று பேசும்போது எல்லோர் முன்னாலும் ஒரே கணக்கு இருந்தால் வதந்திக்கு வேலை குறைவு.

நமது கூட்டங்களில் என்ன நடக்கிறது? கோயில் கமிட்டியானாலும் மரண உதவிச் சங்கமானாலும் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கை தூக்குவார்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிடுகிறோம். காணி, வீடு போன்ற விடயங்களில் இது ஆபத்து. அறுபது பேர் கை தூக்கி நாற்பது பேர் மனம் கசந்து திரும்பினால், புதிய குடியிருப்பில் அந்த நாற்பது பேரும் தண்ணீர்க் குழாய் திருத்த வரமாட்டார்கள். கருத்தொருமிப்பு முறையில் வாக்கெடுப்புக்கு அவசரமில்லை. வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு தடவை பேசிய பிறகே ஒருவர் இரண்டாம் தடவை பேசலாம். மறுப்பவரிடம் "ஏன் குழப்புகிறாய்?" என்று கேட்பதில்லை, "இதனால் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கஷ்டத்துக்கு ஏற்ப யோசனையைத் திருத்துகிறார்கள். அப்படியும் உடன்படாதவரின் கருத்து குறிப்பேட்டில் அவர் பெயரோடு ஏறுகிறது.

நேரம் போகும் என்பது உண்மைதான். அதுமட்டுமல்ல, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் அடுப்படியில் நிற்கும் வேளையில் கூட்டம் வைத்தால் எந்த முறையும் பயன்படாது.

அடைமழை இரவில் கூட்டம் போட முடியாது. ஆகவே வெயில் நாளிலேயே பேசிவிட வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 ஆனால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. மழைமானியைப் பார்ப்பது யார்? நடக்க முடியாத பாட்டியைத் தூக்குவது யார்? சாவி யாரிடம்? எந்தப் பாதை? இவற்றை லயன் லயனாக உட்கார்ந்து பெயர் குறித்து எழுதி வையுங்கள்.

ஜப்பானியப் பயிற்சிக்குத் தனி ஆளாகப் போக முடியாது. ஊரிலுள்ள அமைப்பொன்று அனுப்ப வேண்டும்; முடிந்ததும் அந்த மக்களிடமே திரும்ப வேண்டும். அனுப்பும் ஆளை வட்டமாக உட்கார்ந்தே தெரிவு செய்யுங்கள், யுவதிகளின் பெயர்களையும் சேர்த்து.