கழகத்தின் செலவும் வருங்காலமும்

பெரும்பொருள் கொடுத்து ஆட்டக்காரரைக் கொள்ளுதல் கழகத்திற்கு நன்மையோ என்பது கால்பந்து அபிமானிகளிடை ஓயாத வாதம். மேட்டுப்பாளையத்தார்க்கு இதற்குத் திருட்டாந்தம் அருகே கோயம்புத்தூரிலேயே உண்டு. நேரு விளையாட்டரங்கில் ஆடிய சென்னை சிட்டி கழகம், 2018-19ஆம் ஆண்டு ஐ-லீக் பந்தயத்தில் 43 புள்ளிகள் பெற்று, ஈஸ்ட் பெங்காலினும் ஒரு புள்ளி மிஞ்சி வாகை சூடிற்று. ஸ்பெயினிலிருந்து வந்த பேத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். எனினும், மேலான ஐ.எஸ்.எல். பந்தயத்திற்கு அவ்வெற்றி வாயில் திறக்கவில்லை; அக்காலத்தே அதற்கு விதியில்லை. 2020இல் மான்சி ஜப்பான் சென்றார். 2020-21க்குப் பின் கழகமும் ஐ-லீகில் ஆடிற்றில்லை.

சிறந்த ஆட்டக்காரர் ஒரு பருவத்திற்கு வெற்றி தரலாம். நிலையான வருவாயும் முன்னேறும் வழியுமே கழகத்திற்கு ஆயுள் தருவன. ஆதலின் “யாரை வாங்கினீர்?” என்பதற்கு முன், “அடுத்த ஆண்டு எதைக்கொண்டு நடத்துவீர்?” என்று வினவுதலே அபிமானிகட்கு அழகாம்.